பந்திக்கு ஒருவர், சமையலறைக்கு ஒருவர்

எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் இன்டர்நெட் பின்னறைவரை வந்துவிடாது.

கிழக்கு தில்லியில் எங்கள் வாடகை வீடு நீளமானது. வாசலருகே ரூட்டர். கடைசியில் மகளின் அறை. நடுவே மூன்று செங்கல் சுவர்கள். சென்ற ஆண்டு அந்த அறையில் உட்கார்ந்து வீடியோ மூலம் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டாள். மூன்றாவது கேள்வியில் படம் உறைந்தது. மீண்டும் இணைந்தபோது எதிர்முனையில் இருந்தவர்கள் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

கோபம் முதலில் இன்டர்நெட் கம்பெனி மீது பாய்ந்தது. அவர்கள் சொன்னபடி 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கினேன். பயனில்லை. பிறகு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மகளின் அறையிலேயே மாட்டினேன். செல்போனில் எல்லாக் கோடுகளும் நிரம்பி நின்றன. அழைப்பு மட்டும் முன்போலவே அறுந்தது.

அந்தக் கோடுகள் காட்டுவது செல்போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள நெருக்கத்தைத்தான். எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. அந்த நடுப்பாதைக்குத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பேக்ஹால். கோளாறு அங்கேதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையிலிருந்து சாம்பார் வாளியைக் கொண்டுவருபவரும் இலைக்குப் பரிமாறுபவரும் ஒரே ஆள் என்றால், அவர் உள்ளே போயிருக்கும் நேரத்தில் பந்தி காத்திருக்கும். சாதாரண எக்ஸ்டெண்டரின் நிலையும் இதுவே. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. ரூட்டரிடம் வாங்கிய அதே தகவலை அதே சானலில் செல்போனுக்குத் திரும்ப அனுப்பினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சமையலறையில் எத்தனை அண்டா சாம்பார் இருந்தும் பயனில்லை. 300 மெகாபிட் திட்டம் தோற்ற காரணம் இதுதான்.

தீர்வு, இரண்டு ஆட்களை நியமிப்பது. இன்று விற்கும் பல எக்ஸ்டெண்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு ரேடியோக்கள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸை ரூட்டரோடு பேச மட்டும் ஒதுக்கிவிடுங்கள். செல்போன், லேப்டாப் எல்லாம் 2.4இல் சேரட்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுத்து, அதை எக்ஸ்டெண்டரைத் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வரும் மருமகனுக்கும் கூடத்தான். எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் 5 கிகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பை அணைத்துவிடுங்கள்.

2.4 மெதுவானது, பக்கத்து வீட்டு ரூட்டர்களால் நெரிசலானது என்பது உண்மை. ஆனால் வீடியோ அழைப்புக்கு 3 அல்லது 4 மெகாபிட் சீராகக் கிடைத்தால் போதும். எக்ஸ்டெண்டர் அனுமதித்தால் 2.4இல் ரூட்டருக்கு 1, எக்ஸ்டெண்டருக்கு 11 என ஒன்றையொன்று தொடாத சானல்களைக் கொடுங்கள். இரண்டு பட்டைகளிலும் வேகம் வேண்டும் என்பவர்கள், நடுப்பாதைக்கென்றே மூன்றாவது ரேடியோ வைத்திருக்கும் கருவிகளை வாங்கலாம். விலை கூடுதல்.

5 கிகாஹெர்ட்ஸில் எந்தச் சானல்? இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிடப்பட்டது. ஆனால் 52 முதல் 144 வரையிலான சானல்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் ஒலி கேட்டால் ரூட்டர் விலகிக்கொள்ள வேண்டும், இணைப்பு அறுபடும். நடுப்பாதைக்கு 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை நல்லது.

அடுத்தது இடம். நான் செய்த பெரிய தவறு, எக்ஸ்டெண்டரைச் சிக்னல் செத்த அறையிலேயே மாட்டியது. அங்கே ரூட்டரின் குரல் கேட்காதபோது எதை அது திருப்பிச் சொல்லும்? 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துபோகும். எனவே பாதி வழியில், நேர்ப்பார்வைக்கு அருகில் வையுங்கள். சிக்னல் அளக்கும் ஆப் அங்கே மைனஸ் 65 அல்லது அதைவிட நல்ல எண்ணைக் காட்ட வேண்டும். மைனஸ் 60 அதைவிட நல்லது. மைனஸ் 80 என்றால் வேறு இடம் பாருங்கள்.

இதையெல்லாம்விடச் சிறந்தது ஒரு கேபிள்தான். சந்தேகமே வேண்டாம். ஆனால் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய வாடகைக்காரர்கள் துளை போடுவது எங்கே?

எங்கள் வீட்டில் எக்ஸ்டெண்டர் இப்போது நடைக்கூடத்து அலமாரிமேல் இருக்கிறது. திட்டத்தைப் பழையபடி 100க்கு இறக்கிவிட்டேன். அந்த வேலை போனது போனதுதான். அடுத்த நேர்முகத் தேர்வு 40 நிமிடம் நடந்தது. படம் ஒருமுறையும் உறையவில்லை. இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை என்றாள். அதற்கு ரூட்டர் பொறுப்பல்ல.