30-க்கு 30 அள்ளிக் கொடுக்கும் உயிரியல் மார்க்! உழைப்புக்கா? தலையாட்டியதற்கா?

பிளஸ்-2 உயிரியலுக்கு மொத்தம் 100 மார்க். அதில் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுதி வாங்குவது 70. மீதி 30 எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருக்கிறது! செய்முறைத் தேர்வுக்கு 20. அகமதிப்பீட்டுக்கு 10.

இந்த 30-ஐ வைத்துத்தான் வருஷா வருஷம் பிள்ளைகள் மத்தியில் முணுமுணுப்பு. பெற்றோர் மத்தியில் புலம்பல். "எல்லாருக்கும் முழுசா போட்டுட்டாங்க, ராத்திரி பகலா ரெக்கார்டு எழுதினவ முட்டாளா?" என்று ஒரு வீட்டில் பேச்சு. "என் பையனுக்கு மட்டும் குறைஞ்சு போச்சு, ஏன்னு கேட்டா பதில் இல்லை" என்று இன்னொரு வீட்டில் பேச்சு.

இரண்டு புகாரும் வேறு வேறு மாதிரி தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான். என்ன வேலை செய்தால் என்ன மார்க் என்பது முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லப்படுவதில்லை!

10 மார்க் கணக்கு

அகமதிப்பீட்டு 10 மார்க் எப்படிப் பிரிகிறது? வருகைப் பதிவுக்கு 2. பள்ளியில் நடக்கும் தேர்வுகளுக்கு 4. ஒப்படைப்பு, செயல்திட்டம் போன்ற வேலைகளுக்கு 2. கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த 2 மார்க்கும் முழுசாகக் கிடைக்கும்.

இது அரசாங்கம் போட்ட விதி. காகிதத்தில் கணக்கு சுத்தம்.

ஆனால் கடையை அடைத்துவிட்டு ராத்திரி 10 மணிக்கு வீடு திரும்பும் அப்பாவுக்கு இது தெரியுமா? பஸ்சில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்குத் தெரியுமா? அவ்வளவு ஏன், 10-க்கு 7 வாங்கிய பிள்ளைக்காவது, போன 3 எங்கே போச்சு என்று தெரியுமா?

கை வச்சிடுவேன்!

"ஒழுங்கா இரு. இல்லேன்னா பிராக்டிகல் மார்க்கில் கை வச்சிடுவேன்!"

உயிரியல், வேதியியல் படித்த யாரும் இந்த வார்த்தையைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். வேடிக்கையாகச் சொல்பவர்களும் உண்டு. நிஜமாகச் சொல்பவர்களும் உண்டு. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. பயம் ஒன்றுதான்.

எழுத்துத் தேர்வில் இந்தப் பயம் கிடையாது. பேப்பரைத் திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை யார் என்றே தெரியாது. மார்க்கில் சந்தேகம் வந்தால் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம். மறுகூட்டல் கேட்கலாம். மறுமதிப்பீடு கேட்கலாம்.

செய்முறைக்கு எந்த விடைத்தாள் நகல் வாங்குவது? மைக்ராஸ்கோப்பில் வைத்த ஸ்லைடு அன்று சாயந்திரமே கழுவிப் போச்சு! வெளிப் பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார் என்பது உண்மை. அவர் அந்த ஒருநாள் விருந்தாளி. வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அழகான படம், பார்க்காத செல்

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வெங்காயத் தோலை உரிக்கிறாள். நாலு தடவை மடங்கிப் போகிறது. ஐந்தாவது தடவை ஸ்லைடில் வைத்து, சாயம் விட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்து, தெரிந்ததை வரைகிறாள். கோடு கோணல். நடுவில் ஒரு காற்றுக் குமிழி. அதையும் செல் என்று நினைத்து வரைந்துவிட்டாள்.

அடுத்தவள் போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டை வாங்கிவந்து, பென்சிலைக் கூராகச் சீவி, அச்சடித்த மாதிரி வரைகிறாள். மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லை.

யாருக்கு மார்க் கூட வரும்? படத்தை மட்டும் பார்த்தால் இரண்டாமவளுக்கு! இரக்கப்பட்டால் இரண்டு பேருக்கும் சமம்.

முதலாமவள் செய்தது தப்புதான். ஆனால் அது கண்ணால் பார்த்துச் செய்த தப்பு. டீச்சர் பக்கத்தில் வந்து, "இது குமிழிம்மா. ஓரம் கறுப்பா, தடிப்பா இருக்கு பாரு. செல்லுக்கு இப்படி இருக்காது" என்று ஒரு நிமிஷம் சொன்னால் போதும். ஆயுசுக்கும் மறக்காது. உயிரியல் பாடம் என்பதே அந்த ஒரு நிமிஷம்தான்.

அந்த நிமிஷம் கிடைக்காமல், அடுத்தவளுக்கும் தனக்கும் ஒரே மார்க் என்று தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? அடுத்த தடவை அவளும் அக்கா நோட்டைத் தேடிப் போவாள்!

45 வாங்கினால் பாஸ்... அப்புறம்?

பாஸ் செய்ய 100-க்கு 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 வேண்டும். வெளியே 30-க்கு 30 கிடைத்துவிட்டால் 15-ம் 30-ம் 45. பிள்ளை பாஸ்! வீட்டில் சந்தோஷம்.

அந்தப் பிள்ளை நர்சிங், லேப் டெக்னீசியன் என்று போய்ச் சேரும்போதுதான் குட்டு உடைகிறது. மைக்ராஸ்கோப்பில் எந்தத் திருகைத் திருப்பினால் தெளிவாகத் தெரியும் என்பதே புதுசு. பீஸ் கட்டியாச்சு. திரும்பி வரவும் முடியாது. 30 மார்க் தர்மம் அங்கே கடனாகி வட்டியோடு நிற்கிறது.

மேல் தட்டிலும் கதை இதுதான். 2016 வரை தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடம் பிளஸ்-2 மார்க்கை வைத்தே நிரப்பப்பட்டது. அப்போது உயிரியலுக்கு 200 மார்க். அதில் 50 செய்முறைக்கு. அரை மார்க்கில் டாக்டர் சீட் போன காலம் அது.

2017 முதல் அந்த இடத்துக்கு நீட் வந்தது. அதில் மொத்தம் 720 மார்க், உயிரியலுக்கு மட்டும் 360. ஆனால் செய்முறைக்கு ஒரு மார்க் கூடக் கிடையாது. ஆகவே டாக்டர் கனவில் இருக்கும் பிள்ளைக்கு லேப் என்றாலே நேர விரயம் என்று ஆகிவிட்டது.

அதற்காகப் பிளஸ்-2 மார்க் செல்லாக்காசு ஆகிவிடவில்லை. கால்நடை மருத்துவம், வேளாண்மை என்று போகிறவர்களுக்கு இன்றும் அதுதான் சீட்டு. 2021-ல் கொரோனாவால் பிளஸ்-2 பொதுத்தேர்வே ரத்தானது. அப்போது பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பிளஸ்-1 மார்க்கில் 20 சதவீதம், பிளஸ்-2 செய்முறை, அகமதிப்பீட்டில் 30 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த வருஷம் பிளஸ்-2 வகுப்பிலிருந்து மார்க் ஷீட்டுக்குப் போனதே ஆசிரியர் போட்ட மார்க்தான்!

ஆசிரியர்கள் பாடு

எல்லாப் பழியையும் டீச்சர் தலையில் கட்டினால் அது நியாயம் ஆகாது.

வகுப்பில் 50 பிள்ளைகள். மைக்ராஸ்கோப்போ விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் லென்சு மங்கியது பாதி. ஒரு பிள்ளை பார்த்து முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். இதில் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று எப்படி மார்க் போடுவது?

போட்டாலும் விடுகிறார்களா? 30-க்கு 22 என்று ஒரு டீச்சர் உள்ளபடி போட்டால் முதலில் கூப்பிடுவது தலைமை ஆசிரியர். "ரிசல்ட் என்னாகும்?" என்று கேள்வி. அடுத்து வருவது பெற்றோர். "அந்தத் தெரு ஸ்கூலில் முழுசா போடுறாங்களே!"

அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பள்ளி மட்டும் கறாராக நின்றால் அடிபடுவது அந்தப் பள்ளிப் பிள்ளைதான். அதுவும் டியூஷன் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அந்த 8 மார்க் அதற்கு எட்டு மாடி உயரம்.

ஆகவே மார்க்கைக் குறை என்பது தீர்வு அல்ல. வேலையை வாங்கு, பிறகு மார்க்கைக் கொடு என்பதுதான் தீர்வு!

ஜூன் மாதமே சொல்லுங்கள்

இதற்குப் பெரிய செலவு இல்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதமே லேப் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும். இந்த வருஷம் எத்தனை செய்முறை, ஒவ்வொன்றிலும் பிள்ளை தன் கையால் என்ன செய்து காட்ட வேண்டும், எதற்கு எத்தனை மார்க். அகமதிப்பீட்டின் 2, 4, 2, 2 கணக்கும் அதிலேயே இருக்கட்டும்.

செய்முறை நடந்த அன்றே நோட்டில் மார்க் விழ வேண்டும். பிள்ளை அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மோசமாகச் செய்த பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை மறுவாய்ப்பு. திரும்பச் செய்து சரியாகக் காட்டினால் முழு மார்க். அது தர்மம் அல்ல, கூலி!

மார்க் பட்டியல் மேலே போவதற்கு முன்னால் பிள்ளையிடம் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே கேட்கட்டும். கேட்ட பிள்ளையை முறைக்கக் கூடாது.

இதை ஒரு டீச்சர் மட்டும் செய்தால் அவர் தனிமரம். கல்வித்துறை உத்தரவாகப் போட்டு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் என்று சொன்னால்தான் எடுபடும். மங்கிப்போன லென்சை மாற்றிக் கொடுப்பதும் துறையின் வேலைதான்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. "எத்தனை மார்க்?" என்று கேட்கும் வாயால், "இன்னிக்கு லேப்ல என்ன பார்த்தே?" என்று வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளை பதில் சொல்லத் திணறினால், பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.

30 மார்க் பிள்ளையின் சொத்து. பயத்துக்குப் பணிந்து வாங்குவதும் அவமானம். உழைக்காமல் வாங்குவதும் நஷ்டம்!