70 எம்.எம். என்றால் எது 70?

'70 எம்.எம்.' என்று போஸ்டரில் போட்டால் ஒரு காலத்தில் கூட்டம் அள்ளும். அந்த 70 திரையின் அளவு என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் அது புரொஜக்டரில் ஓடும் ஃபிலிமின் அகலம்.

1975-ல் வந்த 'ஷோலே'யையே எடுத்துக்கொள்ளுங்கள். படம்பிடித்தது 35 எம்.எம்.மில், பிறகு 70-க்குப் பெரிதாக்கினார்கள். ஸ்டீரியோ ஒலி கிடைத்தது, சரி. நெகட்டிவில் இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்? கேமராவிலேயே 65 எம்.எம். நெகட்டிவ் ஓடினால்தான் அது அசல். ஐமாக்ஸில் அந்த ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டுவார்கள். ஒரு ஃப்ரேமுக்கு 15 துளைகள் (சாதாரண 70-க்கு 5தான்!).

2023-ல் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' அப்படி வந்தது. பிரிண்ட் சுமார் 18 கிலோமீட்டர் நீளம், 270 கிலோ எடை. அதை ஓட்டியவை உலகம் முழுக்க 30 தியேட்டர்கள். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. இங்கே 'ஐமாக்ஸ்' என்று கூடுதல் விலை கொடுத்துப் பார்த்ததெல்லாம் டிஜிட்டல் பிரதி.

டிஜிட்டல் மட்டமில்லை. அதில் கீறல் விழாது, நூறாவது காட்சியும் முதல் காட்சி மாதிரியே இருக்கும். ஆனால் 1.43 விகிதத்தில் எடுத்த காட்சியை 1.90 விகிதத் திரையில் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, கால் பங்கு படம் காணாமல் போகிறது. டிக்கெட் விலையில் கால் பங்கு குறைகிறதா என்ன?

வரிசை, இருக்கை எண், வரி எல்லாம் டிக்கெட்டில் அச்சாகிறது. ஃபிலிமா டிஜிட்டலா, திரை விகிதம் என்ன என்று இன்னொரு வரி சேர்ப்பதில் தியேட்டர்காரர்களுக்கு என்ன கஷ்டம்?