இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்

தவக்காலம் வந்தால் போதும், கோயில் வளவில் வெள்ளைத் துணியைக் கட்டி, புரொஜெக்டரை வைத்து, இயேசுவின் பாடுகளைக் காட்டும் மெல் கிப்சனின் 2004ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். முன்னால் பாயில் இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகள். பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவிலேயே தரப்படுத்திய படம் அது!

யோவான் நற்செய்தி சாட்டையடியை ஒரே வசனத்தில் சொல்லிக் கடக்கிறது. மாற்குவில் அதுகூட இல்லை, அரை வசனம்தான். படத்திலோ நிமிடக் கணக்காகத் தோல் பிய்கிறது. 2009இல் போரின்போது மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார் பின்வரிசையில் இருக்கிறார்கள். கிழிந்த உடம்பை அவர்களுக்கு யார் காட்ட வேண்டும்?

பாடுகளை நினைக்காமல் தவக்காலமா என்று கேட்கிறார்கள். நினைக்க வேண்டாம் என்று யார் சொன்னது? 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை எங்கள் ஆச்சிமார் இராகம் இழுத்து வாசித்து, வாய்விட்டு அழுதார்கள். அழுது ஆற அங்கே இடம் இருந்தது. திரைக்கு முன்னால் பிள்ளை விறைத்துப்போய் இருக்கிறது.

ஆண்டவரின் நிறத்தையோ உயரத்தையோ நான்கு நற்செய்திகளும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் மனதில் பதிந்திருப்பதோ கிப்சன் படத்தில் இயேசுவாக நடித்த ஜிம் கவீசலின் முகமும் 1979ஆம் ஆண்டு இயேசு படத்தில் நடித்த ஆங்கிலேயர் பிரையன் டீக்கனின் முகமும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யோவானின் கடைசி இரண்டு அதிகாரங்களை இரண்டு படங்களிலும் காணோமே, அதுதான் பொறுக்கவில்லை. உயிர்த்தவர் விடியற்காலையில் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். முல்லைத்தீவுக் கரைவலைக்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? அதற்கு முந்திய அதிகாரத்தில் மகதலேனா மரியாள் உடலை எங்கே வைத்தார்கள் என்று கேட்டு அழுகிறாள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டதும் இதைத்தானே? மரியாளை உயிர்த்தவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கள் சனம் பார்க்க வேண்டிய ஆண்டவர் அவர்.

நாடகம் எங்களுக்குப் புதிதா? மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் எத்தனை திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது! சுவாமிமாரே, வரும் தவக்காலத்தில் அந்தப் படத்தை விடுங்கள். பங்கு இளைஞர்களைக் கூப்பிட்டு, யோவானின் கடைசி இரண்டு அதிகாரங்களையும் எங்கள் பேச்சிலேயே நடிக்கச் சொல்லுங்கள்.