ஓடந்துறையால முடிஞ்சது நம்ம மாநகராட்சியால ஏன் முடியல?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. 2018-ல நம்ம வார்டு கவுன்சிலர் யாரு?

ரொம்ப யோசிக்காதீங்க. யாருமே இல்ல! 2016 அக்டோபர்ல இருந்து 2022 தேர்தல் வரைக்கும் கோவை மாநகராட்சிக்கு மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தனி அலுவலர் ஆட்சிதான். 2011-ல சரவணம்பட்டி பேரூராட்சியைக் கலைச்சு மாநகராட்சியோட சேர்த்தாங்க. அஞ்சே வருஷத்துல அங்கேயும் நமக்குப் பேச ஆள் இல்லாம பண்ணிட்டாங்க.

"கவுன்சிலர் வந்தா கமிஷன்தானுங்க, அதிகாரியே பார்த்துக்கட்டும்"னு சொல்ற அண்ணன்களுக்கு: உங்க கோவம் நியாயம்தான். ஆனா மேட்டுப்பாளையம் பக்கத்துல இருக்கிற ஓடந்துறையைக் கொஞ்சம் பாருங்க.

சாதாரண கிராம ஊராட்சி அது. 1996-ல இருந்து 2006 வரைக்கும் ஆர்.சண்முகம் தலைவர். தெருவிளக்கு, தண்ணி மோட்டார்னு கரண்ட் பில்லே ஊராட்சி வருமானத்தைத் தின்னுட்டு இருந்துச்சு. எல்லா ஊர்லயும் இதே கதைதான். மனு குடுத்துட்டு உக்கார்ந்திருக்கலாம். அவர் உக்காரல. மரக்கழிவை எரிச்சு வர்ற வாயுவுல தண்ணி மோட்டாரை ஓட்டினாங்க. அடுத்து, 2006-ல ஊராட்சியே சொந்தமா ஒரு காத்தாலை வாங்குச்சு!

350 கிலோவாட். விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி பேங்க் லோன். உடுமலைப்பேட்டை பக்கம் நிறுத்தினாங்க. ஊர்த் தேவை போக மிச்ச கரண்ட்டை மின்வாரியத்துக்கே வித்து, அந்தக் காசுல லோனையும் அடைச்சாங்க. (இன்ஜினியரிங் படிச்சதால காத்தாலை மேல ஆசைப்பட்டுச் சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் பார்க்கிறது அந்தக் கணக்கை.)

ஓடந்துறைக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லீங்க. தமிழ்நாட்டுல 12,000-க்கும் மேல இருக்கிற ஊராட்சிகளுக்கு என்ன சட்டமோ அதேதான். எப்ப டிரான்ஸ்பர் வரும்னே தெரியாத ஒரு அதிகாரி, ஊர் பேர்ல கோடிக்கணக்குல கடன் வாங்கத் துணிவாரா? அவரைக் குத்தம் சொல்லல. அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் கோட்டை. சண்முகம் பதில் சொல்ல வேண்டிய இடம் கிராம சபை.

"அந்த மாதிரி தலைவர் கிடைக்கிறது அதிர்ஷ்டம்"னு சொல்றீங்களா? கிடைக்கணும்னா முதல்ல தேர்தல் நடக்கணுமே! 2025 ஜனவரி 5-ஓட கோவை உட்பட 28 மாவட்டங்கள்ல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சுது. உடனே வந்தது தேர்தலா? இல்ல, மறுபடியும் தனி அலுவலர்! அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியல் சாசனமே சொல்லுது. 2022 மார்ச்ல பொறுப்பேத்த நம்ம மாநகராட்சி மன்றத்துக்கும் 2027 மார்ச் வரைக்கும்தான் ஆயுசு. அப்புறம்?

அடுத்த பகுதி சபாவுக்கு வாங்க. நம்ம வார்டுக்கு எவ்வளவு பணம் வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு கவுன்சிலரை நேரா கேளுங்க. அவர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் விடாதீங்க.

#உள்ளாட்சித்தேர்தல்நடத்து #சரவணம்பட்டி