பாலர் குற்றமும் சர்வகலாசாலையின் கடமையும்

ரயில்வே பாட்டரிகளைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன், செங்கற்பட்டு சர்க்கார் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31ந் தேதி மாண்டான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்துச் சிப்பந்திகள் கைது செய்யப்பட்டார்கள். இத்தகைய இல்லங்களின் நிர்வாகத்தை ஆராயும்படி 2023ல் ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி கே. சந்துருவைச் சர்க்கார் நியமித்தது. இல்லங்கள் சீர்திருந்த வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் பையன் அந்த வாயிலை மிதிக்குமுன் அவன் பொருட்டு நாம் செய்தது என்ன என்று கேட்பார் அதிகமில்லை.

சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இந்தியாவிலேயே முதன் முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது, 1920ல், சென்னை மாகாணந்தான். 2015ம் வருஷத்துச் சட்டமோ, 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் புரிந்தால் அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கவும் இடந்தருகிறது. எனினும் எந்தச் சட்டத்தின் கீழும், கோர்ட்டு அவனைக் காண்பது காரியம் நடந்து முடிந்த பின்னரே.

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களை எடுத்துக்கொள்வோம். நடவும் அறுப்பும் முடிந்தால் கூலிக்காரனுக்கு ஊரில் வேலையில்லை. தாய் தந்தையர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட, பிள்ளை பாட்டியின் வசம் நிற்கிறான். பள்ளிக்கூடம் விட்டது முதல் இரவு வரை அவனை ஏனென்று கேட்பாரில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கோ பகலும் அப்படியே. சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. 2021ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை நேரத்தில் குழந்தைகளைக் கூட்டியது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. அபாயமான வயது அதற்குப் பிறகல்லவா ஆரம்பமாகிறது? 2024ல் பஞ்சாயத்துக்களுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கப்பட்டன. நல்ல காரியமே. ஆயினும் பந்து பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தால் யாருக்குப் பயன்? தினந்தோறும் அதை வெளியே எடுத்து, பையன்களுடன் நின்று ஆட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் அண்ணாமலை நகரில் இருக்கிறார்கள். 1929ல் தோன்றிய சர்வகலாசாலை அங்கே இருக்கிறது. உடற்பயிற்சிக் கல்விக்குத் தனி இலாகாவே இருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ல் ஆரம்பிக்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் விதிப்படி, சேர்ந்த மாணவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். பத்து மாணவர்களை ஒரு கிராமத்துக்கு ஒதுக்கினால் 1,200 மணி. மாலை தோறும் இருவர் வந்து இரண்டு மணி நேரம் இருந்தால், 300 மாலைகளுக்கு அது போதும்! ஏழு நாள் முகாம் அடித்து, தெருவைக் கூட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘குற்றத் தடுப்பு’ என்று பலகை மாட்டி, சேரிப் பிள்ளைகளின் ஜாபிதாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும் வேலையாக இது முடியக் கூடாது. பிறப்பினாலேயே ஜனங்களைக் குற்றவாளிகளாக எண்ணிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் இம்மாகாணத்துக்கு விஸ்தரிக்கப்பட்டு, 1947ல்தான் ரத்தாயிற்று. அதன் வாசனை கூட இங்கே ஆகாது. சுவாமி சகஜானந்தர் 1916ல் இதே சிதம்பரத்தில் நந்தனார் பாடசாலையைத் தொடங்கியபோது, ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளைத் திருடராகாமல் தடுப்பதாகச் சொல்லிக் கூட்டவில்லை. கல்வி அவர்களுக்குரிய பாத்தியதை என்றே கூட்டினார்.

சர்வகலாசாலை அதிகாரிகள் வருகிற கல்வியாண்டில் பத்துக் கிராமங்களில் இதைச் செய்து பார்க்கட்டும். நூறு மாணவர்கள் போதும். பஞ்சாயத்து தரவேண்டியது ஒரு மைதானம், ஒரு விளக்கு, அந்தப் பீரோவின் சாவி. பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் வர இயலாத அறுபத்தைந்து நாட்களை, உள்ளூரில் பிளஸ் டூ முடித்த வாலிபர்களைப் பழக்கி அவர்கள் பொறுப்பில் இப்பொழுதே விட்டுவிடலாம்.