மலை மேல் ஒரு கந்தசாமி!

திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? கிரிவலம் சுற்றி, பொரி வாங்கித் தின்று திரும்பியிருப்பீர்கள். மலை மேல் ஏறியதுண்டா? ரமணாசிரமத்தின் பின்பக்கம் ஒரு கல் பாதை போகிறது. அதில் ஏறினால் ஸ்கந்தாசிரமம் வரும். அங்கிருந்து பார்த்தால், 217 அடி உயர ராஜகோபுரமே பொம்மை மாதிரி தெரியும்!

'ஸ்கந்தன் என்றால் முருகன். அவர் பெயரில் ஆசிரமம் வைத்திருக்கிறார்கள்' என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அந்த ஸ்கந்தன், கந்தசாமி என்ற ஒரு மனிதர்!

ரமணர், 1896ல், தமது 16வது வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர். மலையிலுள்ள விருபாட்ச குகையில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். பக்தர்கள் பெருகினர், இடம் போதவில்லை. கோடையில் தண்ணீருக்கும் கஷ்டம். எல்லாரும் தங்கப் பெரிதாக ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டார் பக்தர் கந்தசாமி. குகைக்கு மேலே ஓர் இடம் கிடைத்தது. எப்படிப்பட்ட இடம்? சப்பாத்திக்கள்ளி மண்டிய பாறைச் சரிவு!

சப்பாத்திக்கள்ளியைத் தொட்டிருக்கிறீர்களா? பெரிய முள்ளைக்கூடப் பிடுங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பொடி முள் விரலில் ஏறினால், அன்று சோற்றைப் பிசையக்கூட முடியாது. அந்தக் கள்ளியை எல்லாம் வெட்டி அகற்றினார் கந்தசாமி. பாறைகளைப் புரட்டி, தரையைச் சமமாக்கி, தோட்டம் போட்டு, ஆசிரமத்தை எழுப்பினார். நாலு பேர் சேர்ந்தாலும் முடியாத வேலை என்று ரமணரே பிற்காலத்தில் வியந்து பேசியிருக்கிறார். அதற்கு வைத்த பெயரும் அவருடையதே.

1916ல் ரமணர் அங்கே குடிபோனார். தாயார் அழகம்மாளும் உடனிருந்தார். 1922ல் தாயார் மறைந்தபின், அடிவாரத்தில் அவரது சமாதி அருகே ஒரு குடிசையாகத் தொடங்கியதுதான் இன்றைய ரமணாசிரமம்.

பெரும்பாலும் ஊருக்குத் தலைவர் பெயரைத்தான் வைப்பர். அமெரிக்காவின் யூட்டா பகுதியில், 1847 முதல் குடியேறிய மார்மன் சமயத்தினர், தங்கள் தலைவர் பிரிகாம் யங் பெயரில் 'பிரிகாம் சிட்டி' அமைத்தனர். புதுச்சேரி அருகே, 1968ல் தோன்றிய ஆரோவில்லுக்கு அரவிந்தர் பெயர். தப்பில்லை. ஆனால், கள்ளி வெட்டியவர் பெயரில் எத்தனை இடம் இருக்கிறது, சொல்லுங்கள்? அதனால்தான் எனக்கு ஸ்கந்தாசிரமத்தை ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு குறை... கந்தசாமி, 'ஸ்கந்தன்' ஆனதில், பாவம், மனிதர் மறைந்து போனார். 'கந்தசாமி ஆசிரமம்' என்றே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

கோவில் ட்யூப் லைட்டில், வெளிச்சமே வராத அளவுக்கு, 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணம் கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் இல்லாமல் சுவர் ஏது? ஆனால், திறப்பு விழாக் கல்லில் கொத்தனார் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கலாமே! கல்லில் இடமா இல்லை?

உங்கள் பள்ளியில் புதுக் கட்டட வேலை நடக்கிறதா? மேஸ்திரியிடமும், கொத்தனார் அண்ணனிடமும் பெயர் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். மணல் சுமக்கும் சித்தாள் அக்காவை விட்டுவிடாதீர்கள். அவரிடம் இதுவரை யாருமே பெயர் கேட்டிருக்க மாட்டார்கள்!