விளங்காதது யார் குற்றம்?

விஞ்ஞானம் பாமரர்க்கு விளங்காது என்று கற்றோர் சிலர் கூறி வருகின்றனர். இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கின்றேன்.

இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகள் இளையோர்க்கென்றே அமைந்தவை. அவற்றுள் 19 தொடர்களை நிகழ்த்தியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன்; புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1860 இறுதியில் அம்மேதை சிறுவர்முன் எடுத்து வைத்தது ஒரு மெழுகுவர்த்தியே! எரியும் சுடரிலிருந்து நீர் பிறக்கிறது என்றார். சொன்னதோடு நில்லாமல், பனிக்கட்டியிட்ட கலத்தைச் சுடரின்மேல் பிடித்து, அதனடியில் நீர்த்துளி அரும்புவதைக் காட்டினார். சுடர் விடும் வாயுவும் நாம் விடும் மூச்சும் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒன்றுபோல் வெண்மையாக்குவதையும் காட்டினார். வெற்றிலைச் சுண்ணாம்பு உள்ள எந்த இல்லத்தில் இது விளங்காது?

நம் மேடைகளிலோ, "விஞ்ஞானிகள் கண்டுபிடித்து விட்டனர்" என்ற முடிவு மட்டுமே முழங்குகிறது. கண்டறிந்த வழி கூறப்படுவதில்லை. வழியறியாது முடிவை மட்டும் ஏற்றவன், நாளை தடுப்பூசியைப் பற்றிய வதந்தியையும் அவ்வாறே ஏற்பான். அப்போது அவனை அறிவிலி என்று ஏசுவது எவ்வகை நியாயம்?

பல்லாண்டுகள் அரபி இலக்கணம் போதித்தவன் நான். மாணவன் விழித்தால், ஆசிரியரே தம் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். விஞ்ஞானம் பேசுவோர்க்கும் அதுவே விதி.